நீலம் படாத இடம்

சார், தப்பா நினைச்சுக்காதீங்க. உங்க சட்டைப் பையில பேனா தெரியுது. டவுனுக்குத்தானே போறீங்க? கலெக்டர் ஆபீஸ் ஸ்டாப்பிங் தாண்டியா? அப்ப நல்லதாப் போச்சு. ஒரு மனு எழுதணும். தாள் நான் வச்சிருக்கேன், மார்ஜின்கூட மடிச்சாச்சு. எழுதத் தெரியாதவன் இல்லை நான். முப்பத்தோரு வருஷம் தலையாரி உத்தியோகம் பார்த்து ரிட்டயர் ஆனவன். இப்ப கிராம உதவியாளர்னு பேரை மாத்திட்டாங்க, பாரம் சுமக்கிற முதுகு மாறல. ஆனா என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். ஆபீஸ்ல முதல்ல எழுத்தைத்தான் பார்ப்பாங்க, அப்புறம்தான் விஷயத்தை.

வாத்தியாரா நீங்க? பார்த்தேன், அந்தக் களை தெரிஞ்சது.

கொஞ்சம் மெதுவாப் பேசுறேன், காரணம் இருக்கு. முன்னாடி பாருங்க, டிரைவருக்குப் பின்னால மூணாவது சீட்டு, ஜன்னலோரம், மாம்பழக் கலர் சேலை. அது என் அக்கா மகள். தையல்நாயகின்னு பேரு. தையலுன்னு கூப்பிடுவோம். மனு அவளுக்குத்தான். அவளே எழுதுவா, பத்தாவது படிச்சவ. நான்தான், "ஆபீஸ் பாஷை வேற தையலு, அது எனக்குத்தான் வரும்"னு வாங்கி வச்சுக்கிட்டேன். மூணு நாளாச்சு. இன்னைக்குத் திங்கட்கிழமை, குறைதீர் நாள். இறங்கினா கையில குடுக்கணும். தாள் இன்னும் வெறுந்தாளா இருக்கு.

எழுதிக்குங்க. அனுப்புநர், தையல்நாயகி, கணவர் பெயர் கலியமூர்த்தி, நாணல்படுகை கிராமம். பெறுநர், மாவட்ட ஆட்சியர் அவர்கள். பொருள்: வீடும் மனையும் ஆற்றோடு போனதால் மாற்று மனை வேண்டுதல். ஐயா. கொள்ளிடம் ஆறு தன்னுடைய போக்கைத் தானாகவே மாற்றிக்கொண்டதால்...

ஏன் நிறுத்திட்டீங்க? ஆத்து மேல மனு குடுக்க முடியுமான்னு கேக்குறீங்களா? அது நியாயம்தான். ஆனா நடந்தது அதுதான் சார். கொள்ளிடத்தைப் பத்தி உங்களுக்குத் தெரியாது, நீங்க மேட்டு நிலத்து ஆளு போல. கைப்பிள்ளை தூக்கத்துல புரளுமே, அந்த மாதிரி ஆறு அது. ராத்திரி இந்த ஓரம் படுக்க வச்சா விடியக்காலம் அந்த ஓரம் கிடக்கும். அதுக்கு ராத்திரிங்கிறது இருபது வருஷம் முப்பது வருஷம், அவ்வளவுதான் வித்தியாசம்.

என் சின்ன வயசுல தென்கரையை ஒட்டி, எங்க ஊரை உரசிக்கிட்டு ஓடினது. காளி கோயில் படியில உக்காந்து காலை நனைச்சிருக்கேன். அப்புறம் வடக்கே புரண்டது. நடுவுல மண்ணைப் போட்டுத் திட்டாக்கி, திட்டுல கோரை முளைச்சு, எங்க பக்கம் பழைய தடம் வெறும் பள்ளமாக் கிடந்தது. வண்டல் மண்ணு சார். கையால அள்ளித் தின்னலாம் போல இருக்கும். அந்தப் பள்ளத்துல பெரியவீட்டுக்காரர் வாழை போட்டார். சபாநாதன்னு பேரு, ஊர்ல பேரைச் சொல்ல மாட்டாங்க, பெரிய வீடுன்னா அவர்தான். பட்டா அவர் பேர்ல சுத்தமா இருக்கு, நானே அடங்கல் பதிவேட்டுல பார்த்திருக்கேன். ஆறு படுத்துக் கிடந்த இடத்துல முப்பது வருஷம் பூவன் வாழை தார் தள்ளினது.

என் சர்வீஸ்ல இருபத்தி நாலாவது வருஷம் ஒரு வெள்ளம் வந்தது. வடக்கே போதாம, ஒரு கிளை பழைய தடத்துக்குள்ள நுழைஞ்சு, வாழைத் தோப்பை மூழ்கடிச்சு, ரைஸ்மில் சுவர் வரைக்கும் வந்து நின்னது. ரெண்டு நாள். அப்புறம் வடிஞ்சு வடக்கேயே போயிடுச்சு. வந்துட்டுப் போன விருந்தாளி மாதிரி.

அதுக்கு அடுத்த மாசம் சர்க்கார் உத்தரவு. ஆத்தோரம் ஊர் ஊரா வெள்ளம் எதுவரைக்கும் வந்ததுன்னு அளந்து வரைபடம் போடணும். தண்ணி வந்த இடமெல்லாம் நீலம். நீலத்துல இனிமே வீட்டுமனைக்கு அனுமதி கிடையாது, பயிர் மட்டும்தான். மேலே இருந்து எடுத்த படத்துல சரியா அந்த ரெண்டு நாளும் மேகம் மறைச்சிருந்ததாம். அதனால ஆளே நடந்து அளக்கணும். ஒரு ஆபீசரம்மா வந்தாங்க. மெர்சின்னு பேரு, படிப்பு முடிச்ச கையோட வந்த பிள்ளை. கையில ஒரு பெட்டி, கைபேசியை விடக் கொஞ்சம் பெரிசு. தண்ணி கடைசியா நின்ன விளிம்புல போய் நின்னு பித்தானை அமுக்கணும். பச்சை விளக்கு எரியிற வரைக்கும் அசையக் கூடாது. ஒரு புள்ளி விழும். அப்படி ஊரைச் சுத்திப் பதினேழு புள்ளி. புள்ளியைச் சேர்த்தா கோடு, கோட்டுக்கு இந்தப் பக்கம் நீலம், அந்தப் பக்கம் வெள்ளை.

விளிம்பு எங்கேன்னு யாருக்குத் தெரியும்? தலையாரிக்குத்தான் தெரியும். சுவர்ல சேத்துக் கறை, முள்ளுச்செடியில சிக்கின வைக்கோல், இதையெல்லாம் நான்தான் காட்டணும். அந்த ஒரு வாரம் சார், எங்க ஊரு என்னை மாப்பிள்ளை மாதிரி நடத்தினது. நிவாரணத்துக்குப் பேர் எழுதினப்ப "மார்பளவு தண்ணி, மாசிலாமணி, மார்பளவு"ன்னு கையை நெஞ்சுல வச்சுக் காட்டின அதே ஆளுங்க, இப்ப "கணுக்கால்கூட நனையலையே, ஊத்துத் தண்ணி கசிஞ்சது, அதைப் போய் வெள்ளம்பியா?"ங்கிறாங்க. நான் யாருக்கும் வளையல. என் சொந்த மச்சான் வீட்டையே நீலத்துல போட்டேன். என் பொண்டாட்டி ஒரு மாசம் என்கூடப் பேசல. கேட்டுப் பாருங்க ஊர்ல, மாசிலாமணி கை நீட்டினான்னு ஒருத்தன் சொல்லட்டும்.

பெரிய வீட்டுல கூப்பிட்டு அனுப்பினாங்க. போனேன். இருபத்தி நாலு வருஷமா அந்த வீட்டு வாசலுக்குப் போறவன் நான். வரி ரசீது குடுக்கப் போயிருக்கேன், சம்மன் குடுக்கப் போயிருக்கேன், கல்யாணத்துக்குப் பந்தல் கட்டப் போயிருக்கேன். வேப்ப மரத்தடியில நிப்பேன், கணக்குப்பிள்ளை வந்து வாங்கிக்கிட்டுப் போவார். அன்னைக்குப் பெரியவீட்டுக்காரரே வெளிய வந்து, "ஏன்ப்பா நிக்கிறே, உள்ள வா"ன்னார். நாற்காலி போட்டாங்க. சார், பிரம்பு நாற்காலி. "உக்காரு மாசிலாமணி." உக்காந்தேன். வெள்ளி விளிம்பு வச்ச டம்ளர்ல காபி வந்தது. அவங்க வீட்டு அம்மாவே கொண்டு வந்து குடுத்தாங்க. சர்க்கரை கம்மி. எனக்குச் சர்க்கரை தூக்கலா இருக்கணும், இருந்தாலும் குடிச்சேன்.

"நான் உன்னைத் தப்பு எதுவும் செய்யச் சொல்லல. நம்ம தோப்புக்குள்ள தண்ணி வந்தது ஒரே ஒரு தடவை. ஒரு தடவை வந்த விருந்தாளிக்கு வீட்டையே எழுதிக் குடுப்பாங்களா? ஆறு வடக்கே போயிடுச்சு. உன் ஆயுசுலயும் திரும்பாது, என் ஆயுசுலயும் திரும்பாது. உனக்குத் தெரியாததா? இந்த ஊர்ல ஆத்தைப் பத்தி உன்னை விடத் தெரிஞ்சவன் யாரு?" அப்படின்னார்.

அவ்வளவுதான் சார் பேச்சு. பத்துப் பைசா கிடையாது. ஒரு காபி. அவர் சொன்னதுலயும் நியாயம் இருந்ததுல்ல? ஆறு வடக்கேதானே ஓடினது?

மறுநாள் அந்தப் பக்கம் அளக்குற முறை. கோரைக்குள்ள நடக்கிறப்ப மெர்சியம்மா செருப்பைத் துளைச்சுக்கிட்டுக் கருவேல முள் ஏறிடுச்சு. நான்தான் இழுத்து எடுத்தேன். பாவம், பிள்ளைக்குக் கண்ணுல தண்ணி. மோட்டார் கொட்டகை நிழல்ல உக்கார வச்சேன். "ஐயா, நீங்களே போய் மிச்சத்தை அமுக்கிட்டு வந்துடுறீங்களா? என்னை விட உங்களுக்குத்தான் சரியாத் தெரியும்"னு பெட்டியைக் கையில குடுத்தாங்க. ஐயான்னாங்க சார். அது ஒரு வாரத்துல ரெண்டாவது மரியாதை.

அன்னைக்கு மூணு புள்ளி கொஞ்சம் கீழே விழுந்துடுச்சு. தோப்புப் பக்கத்துப் புள்ளி. ரைஸ்மில் சுவர்ல விழ வேண்டியது, தோப்புக்கு அந்தப் பக்கம் கோரைத் திட்டு ஓரமா விழுந்துடுச்சு. பெட்டிதானே, முன்னப்பின்ன ஆகும்.

ரெண்டு வருஷம் கழிச்சு மேப்பு வந்தது, கிராம ஆபீஸ் சுவர்ல ஒட்டினோம். நான்தான் பசை தடவினேன். ஊரு பூரா நீலத்துல கிடக்குது. பெரியவீட்டுத் தோப்பு மட்டும் வெள்ளையா, எலி கடிச்ச தோசை மாதிரி ஒரு வளைவு. யாரும் ஒண்ணும் கேக்கல. சர்க்கார் மேப்புன்னா கல்வெட்டு மாதிரி சார் எங்க ஊர்ல. கொஞ்ச நாள்ல வாழையை வெட்டினாங்க. மஞ்சள் கல்லு நட்டாங்க. சபா நகர்னு போர்டு. கீழே சின்ன எழுத்துல, "அரசு வரைபடப்படி வெள்ள அபாயம் இல்லாத பகுதி."

நாணல்படுகையில வீடு கட்ட அனுமதி கிடைக்கிற ஒரே இடம் அதுதான். மத்ததெல்லாம்தான் நீலமாச்சே. அப்ப யாரு வாங்குவாங்க? ஊர்ல வீடு இல்லாதவங்கதான் வாங்குவாங்க. தையலு வந்தா. அவ புருஷன் கலியமூர்த்தி கொத்தனார், ஊருக்கெல்லாம் வீடு கட்டுறவன், அவங்க கூரை வீட்டுல இருந்தாங்க. நான் சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். வாசப்படியில உக்காந்துக்கிட்டா.

"மாமா, சபா நகர்ல ஒரு மனை பார்த்திருக்கோம். கடைசி மனை, ஆத்துப் பக்கம். காத்து நல்லா வரும்ங்கிறாரு அவரு. நீங்க என்ன சொல்றீங்க? தண்ணி வருமா?"

"மேப்புல இல்லம்மா"ன்னேன்.

"மேப்பு கிடக்கட்டும் மாமா. நீங்க சொல்லுங்க."

நான் ரசத்தை ஊத்திப் பிசைஞ்சுக்கிட்டே இருந்தேன். வரும்னு சொல்லியிருந்தா, அப்புறம் ஏன் மேப்புல இல்லன்னு கேட்டிருப்பா. அவ சின்னதுலேர்ந்தே அப்படி, ஒரு கேள்வியோட விட மாட்டா. அதனால, "நான் சொல்றதுதாம்மா மேப்பு"ன்னேன். சிரிச்சுட்டா. "அப்ப சரி. தாய்மாமன் சொல்லிட்டீங்க, அதுக்கு மேல என்ன"ன்னு எழுந்து போனா.

பொய் சொல்லல பாருங்க. நான் சொன்னதுதான் மேப்பு. ஒரு எழுத்து பொய் கிடையாது.

உங்க பக்கம் வழக்கம் எப்படியோ. எங்க பக்கம் கடைக்கால் போடுறப்ப முதல் செங்கல் தாய்மாமன் எடுத்து வைக்கணும். அவளுக்குக் காது குத்தினது என் மடியில. ஆளானப்ப ஓலைக் குடிசை கட்டினது நான். வீட்டுக்கும் நான்தான் வைக்கணும். மஞ்சள் தடவி, பூ சுத்தி, குழிக்குள்ள இறங்கி வச்சேன். மண்ணு ஈரமா இருந்தது. நாலடிக்குக் கீழே கிளிஞ்சல் கிடந்தது சார், ஆத்துக் கிளிஞ்சல். கலியமூர்த்தி ஒண்ணை எடுத்து, "மாமா, பாருங்க, இங்க ஒரு காலத்துல ஆறு ஓடியிருக்கும் போல"ன்னு அதிசயமாக் காட்டினான். "எந்தக் காலத்துலயோ"ன்னேன்.

அப்புறம் ஆறு திரும்ப ஆரம்பிச்சது.

ஒரே நாள்ல இல்லை. வடக்கே திட்டு மேடேறி மேடேறி, தண்ணி கொஞ்சம் கொஞ்சமா எங்க பக்கம் சாய்ஞ்சது. சபா நகருக்குக் கீழே கரையில பனை நின்னது, பதினோரு பனை. நான் தினம் காலையில அந்தப் பக்கம் போறவன். ஒரு மழைக்காலம் முடிஞ்சு எண்ணினேன், ஒம்பது. அடுத்த வருஷம் ஆறு பனைதான். வேரோட சாய்ஞ்சு தண்ணிக்குள்ள தலையை வச்சுக்கிட்டுக் கிடக்கும். யாருகிட்டயும் சொல்லல. பனை விழுறது ஊர்ல அதிசயமா? தையலுகிட்ட மட்டும் ஒரு தடவை, "ஆடி ஐப்பசியில எங்க வீட்டுல வந்து இரும்மா, எனக்கும் பேச்சுத் துணையா இருக்கும்"னேன். அவ எங்க அக்காகிட்ட, "மாமாவுக்கு வயசாக ஆக எம்மேல பாசம் கூடிப்போச்சு"ன்னு சொன்னாளாம். அக்கா வந்து அதை எங்கிட்ட சொல்லிச்சு.

இந்த வருஷம் பதினெட்டாம் பெருக்கு முடிஞ்சு நாலாம் நாள். வானத்துல ஒரு பொட்டு மேகம் கிடையாது. எங்க வெள்ளம் அப்படித்தான், எங்கேயோ மலையில பெஞ்ச மழை, எங்களுக்கு வெயில்ல வந்து சேரும். காலையில டீக்கடையில இருந்தேன். ஆட்டோவுல மைக் கட்டி அறிவிப்பு வருது. கீழ்க்கண்ட தெருக்காரங்க உடனே பள்ளிக்கூடத்துக்குப் போகணும். காளி கோயில் தெரு, நடுத்தெரு, மில்லுத் தெரு, ஓடக்காரத் தெரு... ஒவ்வொண்ணாச் சொல்லிக்கிட்டு வர்றான். சபா நகர்னு சொல்லுவான் சொல்லுவான்னு டம்ளரைக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். சொல்லல. அந்தப் பட்டியல் எதைப் பார்த்து எழுதினது? சுவர்ல ஒட்டின மேப்பைப் பார்த்து எழுதினது. நான் பசை தடவின மேப்பு.

"சபா நகரை விட்டுட்டியேடா"ன்னு ஆட்டோவை மறிச்சேன். "பெரியவரே, அது லிஸ்ட்டுல இல்ல. சும்மா பீதியைக் கிளப்பாதீங்க"ன்னு போயிட்டான்.

சைக்கிளை எடுத்துக்கிட்டுப் போனேன். போனேன்னு சொல்றேனே தவிர, உடனே போகல சார். ஒரு கால் மணி நேரம் கடையிலயே நின்னேன். ஆட்டோ சுத்தி வர்றப்ப வேற யாராவது சொல்லி, அவனே அந்தப் பக்கம் போயிடுவான்னு ஒரு நினைப்பு. நானே போய், எழுந்திருச்சு ஓடுங்கடான்னா, தையலு கேப்பா. "நீங்கதானே மாமா சொன்னீங்க"ம்பா. அந்தக் கேள்விக்குப் பயந்துக்கிட்டு டீக்கடையில நின்னேன்.

நான் போறப்ப பனை ஒண்ணுகூட இல்லை. ஆறு வீட்டுக்காரங்க அங்க. அஞ்சு குடும்பம் சாமானோட ரோட்டுக்கு வந்துட்டாங்க. தையலு பாத்திரத்தைத் தூக்கிக்கிட்டு வாசல்ல நிக்கிறா. கலியமூர்த்தி பின்பக்கம் மணல் மூட்டை அடுக்கிக்கிட்டு இருக்கான். கொத்தனார் இல்லையா, தான் கட்டின சுவரைத் தாங்கிடலாம்னு பார்க்குறான். "வாடா வெளியே"ன்னு நான் கத்துறதுக்கும் சுவர் உள்பக்கமா சாயுறதுக்கும் சரியா இருந்தது. தொடை எலும்பு ரெண்டு துண்டு. நாலு பேர் சேர்ந்து இழுத்தோம். உசுரு இருக்கு. கம்பி வச்சிருக்காங்க. இனிமே சாரம் ஏற முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்.

மறுநாள் காலையில போய்ப் பார்த்தோம். வீடு இடிஞ்சு கிடக்கும்னு நினைச்சோம். அங்க இடிஞ்ச வீடு இல்லை சார். ஆறு ஓடிக்கிட்டு இருந்தது. மனை இருந்த இடத்துல நடு ஆறு. பட்டாவை வச்சுக்கிட்டு நிக்கிறா, பட்டாவுல நாலு எல்லை போட்டிருக்கு, நாலு எல்லைக்குள்ளயும் தண்ணி சுழிக்குது.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். வீடும் மனையும் போனவங்களுக்கு மேட்டுல மாற்று மனை குடுக்குறாங்க. மில்லுத் தெருவுல மூணு பேருக்குக் குடுத்தாச்சு. தையலு போய்க் கேட்டா. கிளார்க்கு பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துட்டு, "உங்க இடம் நீலத்துல வரலையேம்மா. வெள்ளப் பகுதியில இல்லாத வீடு இடிஞ்சா அது கட்டடக் கோளாறுன்னுதான் எழுத முடியும்"னுட்டான். கட்டினவன் படுக்கையில கிடக்கான். அவன் காதுல அது விழுந்தது. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கிட்டான். "கலவையில கோளாறு இல்ல தையலு, சிமெண்ட் ஒண்ணுக்கு மணல் நாலுதான் போட்டேன்"னு மறுநாள் சொன்னானாம், யாரும் கேக்காமலே.

அந்தக் கிளார்க்கே ஒரு வழியும் சொன்னான். முதல் வெள்ளத்துலயே அங்க தண்ணி வந்தது, அளவெடுத்ததுல விட்டுப்போச்சுன்னு அளந்தவங்க யாராவது எழுதிக் குடுத்தா, மேப்பைத் திருத்தலாம். திருத்தினா மனை வரும். ஆறு குடும்பத்துக்கும் வரும்.

தையலு எங்கிட்டதான் வந்தா. "மாமா, அப்ப அளக்க வந்த அந்தம்மா பேரு என்ன? அவங்க கவனக்குறைவாப் போட்டிருக்காங்க. அவங்க மேலயே எழுதுவோம். நீங்க சாட்சி கையெழுத்து போடுங்க." எழுதுவோம்னு தலையாட்டிட்டேன்.

அதனால அந்தத் தாளைக் கிழிச்சுப் போட்டுட்டு வேற எழுதுங்க. மேலே உள்ளதெல்லாம் அப்படியே. ஐயா, அளவெடுக்க வந்த அலுவலர் செல்வி மெர்சி என்பவர் வெயிலுக்கும் முள்ளுக்கும் பயந்து நிழலில் உட்கார்ந்துகொண்டு...

எழுதுங்க சார். ஏன் மூடியைப் போடுறீங்க?

அந்தம்மாவுக்கு ஒண்ணும் ஆகாது. இப்ப வேற ஜில்லாவுல பெரிய உத்தியோகத்துல இருக்காங்க. ஒரு விளக்கம் கேப்பாங்க, எழுதிக் குடுப்பாங்க, முடிஞ்சது. பொங்கலுக்குப் பொங்கல் எனக்கு வாழ்த்து அனுப்புறாங்க சார் போன்ல. "ஐயா, நிலத்தைப் படிக்க உங்ககிட்டதான் கத்துக்கிட்டேன்"னு. நல்ல பிள்ளை. நல்ல பிள்ளைங்கிறதால மன்னிச்சிடுவாங்க.

இல்ல, நீங்க எழுதுறதுக்குத்தான் வந்தீங்க, தீர்ப்பு சொல்ல வரல. வாத்தியார்னா பார்க்கிறவனை எல்லாம் முட்டி போட வைக்கிறதா? குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்னு பழமொழி சொல்றீங்களே, அது பெரிய வீட்டுக்காரருக்குச் சொல்ல வேண்டியது. அவருக்கு ஒரு குறுகுறுப்பும் இல்லை. பேரன் ஊர்ல போய் உக்காந்துட்டார். போன் பண்ணினேன். "எந்த மாசிலாமணி?"ன்னார் சார். எந்த மாசிலாமணின்னு கேட்டார்.

...

தண்ணி இருந்தா ஒரு வாய் குடுங்க.

பெட்டி தப்பாப் போடல சார். அது நல்ல பெட்டி. மத்த பதினாலு புள்ளியும் முழம் பிசகாம விழுந்ததே. நான்தான் தோப்பைத் தாண்டிப் போய் கோரையில நின்னேன். ஒரு தடவை இல்லை, மூணு தடவை. ஒவ்வொரு தடவையும் பச்சை விளக்கு எரியிற வரைக்கும் அசையாம நின்னேன். முதல் புள்ளியில அமுக்குறதுக்கு முன்னாடி கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். ரெண்டாவதுல பார்க்கல. மூணாவதுல, சொன்னா நம்ப மாட்டீங்க, சந்தோஷமா இருந்தது. ஊரோட எல்லையை நான் போடுறேன். பெரிய வீட்டு நிலம் எங்க நிக்கணும்னு நான், தலையாரி சொல்றேன். அந்த நாற்காலி இன்னும் முதுகுல ஒட்டிக்கிட்டு இருந்த மாதிரி இருந்தது.

காசு வாங்கியிருந்தாத் தேவலை சார். திருப்பிக் குடுத்திருக்கலாம்.

வேற தாள் எடுங்க. கடைசித் தாள் அது, பார்த்து. எழுதுங்க. அனுப்புநர், மாசிலாமணி, ஓய்வு பெற்ற கிராம உதவியாளர். பெறுநர் அதே. ஐயா. முதல் வெள்ளத்தின்போது நாணல்படுகை சபா நகர் இருக்கும் இடம் முழுவதும் ரைஸ்மில் சுவர் வரை தண்ணீர் வந்தது. ரெண்டு நாள் நின்றது. அதை நான் கண்ணால் பார்த்தேன். அளவெடுத்தபோது அந்த இடத்தில் பெட்டியோடு நின்றவன் நான். அலுவலர் அம்மா மேல் தவறு இல்லை. தண்ணீர் வந்த இடம் என்று தெரிந்தே, வராத இடமாகத் தவறாகக் காட்டினேன். பிறகு என் அக்கா மகள் கேட்டபோதும்...

அதைப் போடணுமா? ஆபீசுக்கு அது தேவையில்லைங்கிறீங்க. மேப்பைத் திருத்த அது தேவையில்லைதான்.

போடுங்க. என் அக்கா மகள் கேட்டபோதும் மறைத்தேன். கலியமூர்த்தி கட்டின வீட்டில் கோளாறு இல்லை. ஒண்ணுக்கு நாலு கலவை. அதையும் போடுங்க, அவன் படிக்கணும்.

பென்ஷன்ல கை வைப்பாங்களா சார்? உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். சும்மாதான் கேட்டேன். வச்சா வச்சுக்கட்டும். இல்ல, எழுதினது எழுதினதுதான், கேக்கக்கூடாதா மனுஷன்?

அவ திரும்பிட்டா. பார்க்குறா. "மாமா, எழுதியாச்சா? குடுத்து விடுங்க, இறங்குறதுக்குள்ள ஒரு தடவை படிச்சுக்கிறேன்"ங்கிறா. கேட்டுச்சா? பஸ்ஸே திரும்பிப் பார்க்குது. இறங்கினப்புறம் படிச்சுக்கலாம்மான்னு சொல்லிடவா? ஆபீஸ்ல நேரா டப்பாவுல போட்டுட்டா அவளுக்கு எதுக்குத் தெரியணும்? மனை வந்தா போதாதா? மாமா எழுதிக் குடுத்த மனுவுல மனை வந்ததுன்னு சாகிற வரைக்கும் சொல்லிக்கிட்டு இருப்பா.

அதுதான் சார் பயமா இருக்கு. சொல்லிக்கிட்டே இருப்பா.

தம்பி, ஏப்பா கண்டக்டர் தம்பி, இதைக் கொஞ்சம் முன்னாடி குடுப்பா. மாம்பழக் கலர் சேலை. மூணாவது சீட்டு. கசங்காம.

போகுது பாருங்க. கூடைக்காரம்மா கைக்குப் போயிடுச்சு. அந்தப் பிள்ளை கைக்குப் போகுது. யாரும் பிரிச்சுப் பார்க்கல, நல்ல சனங்க. போய்ச் சேர்ந்துடுச்சு. பிரிக்கிறா. விரலை வச்சுப் படிக்கிறா சார், சின்னப் பிள்ளையிலேர்ந்து அப்படித்தான், விரல் இல்லாமப் படிக்க வராது. பாதி வந்திருப்பா. விரல் நின்னுடுச்சு. இல்ல, நகருது. எனக்குப் பின் தலைதான் தெரியுது. உங்களுக்கு முகம் தெரியுதா அந்தக் கண்ணாடியில? ஒண்ணும் தெரியலையா?

ஜன்னல் பக்கம் திரும்பிட்டா.

பாலம் தாண்டியாச்சு. அடுத்தது ஆபீஸ்தான். சார், நான் இந்தப் பின்வாசல் வழியா... இல்ல, இல்ல. இருக்கேன்.

தாள் திரும்பி வருது. மடிச்சுக் குடுத்திருக்கா. வேண்டாம்னுட்டாளா? கிழிக்கலையே? குடும்மா, எனக்குத்தான். என்ன சொன்னா? அந்த மாம்பழச் சேலைக்காரம்மா என்ன சொல்லி அனுப்பினாங்க?

கையெழுத்து போடலையாம். போடச் சொன்னாளாம்.

வேற ஒண்ணும் சொல்லலையாம்மா? நல்லாக் கேட்டியா? மாமான்னு ஏதாவது? சரி. அவ்வளவுதானா. சரிம்மா.

பேனாவைக் குடுங்க சார். பஸ் நிக்கிறதுக்குள்ள போட்டுடுறேன்.